ஸ்மார்ட் போர்டு இருந்தா புள்ளைங்களுக்கு ஆர்வம் வந்துடுமா? டீச்சர் ஆகப் போற எனக்கு ஒரு குழப்பம்

கெடிலக்கரை (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். நான் டி.எல்.எட் (தொடக்கப்பள்ளி டீச்சருக்கான பட்டயப் படிப்பு) ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், ஊரு கடலூர் ஓ.டி பக்கம். இப்ப டீச்சிங் பிராக்டிஸுக்கு கடலோரத்துல இருக்கற ஒரு ஒன்றியத் தொடக்கப்பள்ளியில நாலாங்கிளாஸ் எடுத்துக்கிட்டு இருக்கேன், ஆறாவது வாரம் ஓடுது. செயல் ஆராய்ச்சிக்கு, அதாவது நம்ம கிளாஸ்லயே ஒன்னை செஞ்சு பாத்து எழுதறதுக்கு, தலைப்பு கேட்டாங்க, வகுப்பறைத் தொழில்நுட்பமும் புள்ளைங்களோட கற்றல் ஆர்வமும்னு குடுத்தேன். குடுக்கும்போது முடிவே எனக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன். போர்டு இருந்தா ஆர்வம் கூடும், இல்லன்னா கொறையும், ரெண்டு வாரம் போர்டு வச்சு ரெண்டு வாரம் வைக்காம எடுத்து ஒரு கட்டம் போட்டு எழுதிட்டா ரெக்கார்டு நோட்டு முடிஞ்சிடும்னு. இப்ப அப்படி எழுத மனசு வரல.

நடந்தது இதுதான். என் கிளாஸ்ல 26 பேரு. மொத வாரம் போர்டை ஆன் பண்ண உடனே அவ்ளோ அமைதி, எப்பவும் ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கற பொண்ணு கூட திரும்பி உக்காந்துச்சு, எனக்கு அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கமே வரல. மூணாவது வாரம் பாருங்க, நான் உள்ள நுழையும்போதே "டீச்சர் இன்னைக்கு என்ன படம்?"னு கேட்டாங்க. புக்கைத் தொறக்கச் சொன்னா "மொதல்ல படம் போடுங்க டீச்சர், அப்பறம் படிக்கிறோம்"ங்கறாங்க. அதாவது படிப்புக்கு படம் கூலி மாதிரி ஆயிடுச்சு.

நீர் சுழற்சி பத்தி ஒரு கார்ட்டூன் வீடியோ, நாலு நிமிஷம், போட்டு முடிச்சிட்டு கேள்வி கேட்டேன். மேகத்துக்கு கண்ணு எந்தக் கலர்னு எல்லாரும் சொன்னாங்க. கடல் தண்ணி மேல எப்படிப் போச்சுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. எங்க ஸ்கூல் காம்பவுண்டுக்கு வெளியிலயே மணல்ல கருவாடு காயப் போட்டிருப்பாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, போர்டை ஆஃப் பண்ணிட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போயி காலையில போட்ட நெத்திலியையும் ரெண்டு நாளு காஞ்ச நெத்திலியையும் கையில குடுத்து இதுல இருந்த தண்ணி எங்கடா போச்சுன்னு கேட்டேன். அப்பதான் பேச ஆரம்பிச்சாங்க, வெயில் குடிச்சிடுச்சு டீச்சர், காத்து எடுத்துட்டுப் போயிடுச்சு டீச்சர், மழை நாள்ல கருவாடு நாறிப்போவும் டீச்சர்னு ஒரே சத்தம்.

இதை வச்சு தொழில்நுட்பமே வேணாம்னு எழுதிடலாம்னு பாத்தா அதுக்கு நேர் எதிரா இன்னொன்னு நடந்துச்சு. ஒரு பையன் இருக்கான், அப்பா ஃபைபர் போட்ல கடலுக்குப் போறவரு. இவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், எண்ணும் எழுத்தும் திட்டத்துல இன்னும் அரும்புங்கற ஆரம்ப நிலையிலதான் இருக்கான். போர்டுல எது போட்டாலும் பத்து நிமிஷத்துல தூங்கிடுவான். ஒரு நாளு சாப்பாட்டு நேரத்துல என் பக்கத்துல வந்து உக்காந்து மீன் பேரா சொல்லிக்கிட்டு இருந்தான், சங்கரா, கவளை, காரப்பொடி, பாரை, வாளை, கானாங்கெளுத்தின்னு நிறுத்தாம. நான் சும்மா போன்ல ரெக்கார்ட் பண்ணி அவனுக்கே போட்டுக் காட்டினேன். அவன் மூஞ்சியப் பாக்கணுமே, "டீச்சர் இது நானா?"ன்னான். அந்தப் பேரையெல்லாம் தாள்ல எழுதிக் குடுத்து இதைப் பாத்து படிடா ரெக்கார்ட் பண்றேன்னேன். கானாங்கெளுத்தியில மட்டும் தடுக்கிடுச்சு. கேட்டுட்டு நல்லால்ல டீச்சர் அழிச்சிடுங்க, மறுபடி படிக்கிறேன்னான். மறுபடி. மறுபடி. பதினோரு தடவை படிச்சான், நான் ஒரு தடவை கூட படின்னு சொல்லல. மணி அடிச்சுதான் நிறுத்தினோம்.

அதே போனு, அதே கரன்டு, அதே புள்ளைங்க. போர்டு ரெண்டு வாரத்துல அலுத்துப் போச்சு, ரெக்கார்டர் அலுக்கல. எனக்குத் தோணறது என்னன்னா புள்ளைங்க கண்ணுக்கு மட்டும் தீனி போடற கருவி சீக்கிரம் பழசாயிடும், அவங்க செஞ்சதை அவங்களுக்கே காட்டற கருவிதான் நிக்கும். இது சரியா, இல்ல ஒரே ஒரு பையனை வச்சு நான் பெருசா பேசறேனா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. முக்கியமா இன்னொன்னு, 'ஆர்வம்'ங்கறதை எப்படி அளக்கறது? அமைதியா உக்காந்திருந்தா ஆர்வம்னு எங்க கவனிப்புப் படிவத்துல டிக் பண்ணச் சொல்றாங்க, எனக்கு அதுல சுத்தமா நம்பிக்கை போயிடுச்சு.

—

முந்திரிக்காட்டு வாத்தியார் (பண்ருட்டி):

நல்லாருக்கும்மா. ஆறு வாரத்துல இதைக் கவனிச்சிட்ட, நான் சேர்ந்து நாலு வருஷம் கழிச்சுதான் கவனிச்சேன்.

நான் 2006ல இடைநிலை ஆசிரியரா வந்தேன். அடுத்த வருஷமே செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்துச்சு, ஏபிஎல்னு சொல்லுவோமே. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிங்கள்ல ஆரம்பிச்சு அப்பறம் எல்லா மாவட்டத்துக்கும் வந்தது, ஆந்திராவுல ரிஷிவேலியில செஞ்ச கார்டு முறைதான் அதுக்கு மூலம். உங்க ஸ்கூல் சுவத்துல தரைக்கு ஒரு அடி மேல சுத்தி கரும்பலகை பூசி வச்சிருந்தா அது அந்தக் காலத்துது. ஒவ்வொரு புள்ளைக்கும் அதுல ஒரு கட்டம் உண்டு, பேரு எழுதி இருக்கும், நாம பெரிய போர்டுல எழுதறதை விட அவன் அந்த சின்னக் கட்டத்துல எழுதறதுதான் அதிகமா இருக்கும்.

அதுல ஏணிப்படின்னு ஒன்னு சுவத்துல ஒட்டி இருக்கும். எந்தப் படியில தான் நிக்கிறோம், அடுத்தது எந்த கார்டு, இது புள்ளைக்கே தெரியும், படம் பாத்து தானே போயி தட்டுல இருந்து எடுத்துக்கும். அந்த அட்டை எல்லாம் என்ன பெரிய கலரு, ஒன்னும் கெடையாது. ஆனா "சார் அடுத்த கார்டு"ன்னு கையை நீட்டிக்கிட்டு வருவாங்க பாரு, அதை நான் இன்னைக்கு வரைக்கும் எந்த ஸ்கிரீன் முன்னாடியும் பாக்கல. நம்ம அடுத்த படி எதுன்னு புள்ளைக்கே தெரிஞ்சதுதான் அங்க ஆர்வம். உன் பையன் கானாங்கெளுத்தியில தடுக்கினதும் அதான், எங்க விழுந்தோம்னு அவன் காதாலயே கேட்டான், ஏறணும்னு அவனுக்கே தோணிச்சு.

அதே ஏபிஎல் பல இடத்துல பின்னாடி எப்படி ஆச்சுன்னும் சொல்லணும். கார்டு முடிச்சாச்சான்னு மட்டும் பாக்க ஆரம்பிச்சோம், புரிஞ்சுதான்னு பாக்கறதை விட்டுட்டோம். அட்டை கிழிஞ்சா புது அட்டை வராது. ஒரே வாத்தியாரு நாப்பது புள்ளைங்களோட நாப்பது படியையும் பதிவு பண்ணணும். அப்பறம் அதுவும் ஒரு சடங்கு மாதிரி ஆகி மெலிஞ்சு போச்சு. அதனால ஸ்கிரீன்னு இல்ல, அட்டைன்னாலும் இப்படித்தான் ஆவும்.

வேலைக்கு ஆகற மாதிரி ஒன்னு சொல்றேன், நான் இப்ப பண்றது. வீடியோவை முழுசா போடவே மாட்டேன். ஒரு நிமிஷம், நிறுத்து. அடுத்து என்ன ஆவும்னு ஒவ்வொருத்தரும் சிலேட்டுல வரையணும் இல்ல எழுதணும். எல்லாரும் தூக்கிக் காட்டின பிறகுதான் மறுபடி ஓட விடுவேன். தான் எழுதினது சரியான்னு பாக்கத்தான் அப்ப அவன் ஸ்கிரீனைப் பாப்பான், பாக்கற பார்வையே வேற மாதிரி இருக்கும். நாலு நிமிஷ வீடியோ இருபத்தஞ்சு நிமிஷம் ஓடும். பாடக்குறிப்புல எங்கெங்க நிறுத்தணும்னு நிமிஷத்தோட எழுதி வச்சுக்கோ, பாக்க வர்றவங்களுக்கும் அது புடிக்கும்.

—

ரெண்டு புள்ளைக்காரி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

நான் டீச்சர் இல்லைங்க, அம்மா. ஆனா இதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

என் பெரியவன் மூணாவது படிக்கிறான். ஸ்கூல்ல ஹோம்வொர்க்குக்கு ஒரு ஆப் குடுத்திருக்காங்க, கணக்கு சரியா போட்டா காசு விழும், காசு சேர்ந்தா பேட்ஜ், பேட்ஜ் சேர்ந்தா ஒரு டிராகன் வளரும். ஆரம்பத்துல நானே எங்க அக்காகிட்ட பெருமையா சொன்னேன், கூப்பிடாமலே வந்து உக்காந்து கணக்கு போடறான்னு. ஒரு நாளு பக்கத்துல உக்காந்து பாத்தேன். நாலு விடை வருது, இவன் கணக்கையே படிக்கல, மேல இருந்து ஒவ்வொன்னா அழுத்தறான், பச்சை வந்தா அடுத்தது. ஏன்டா இப்படின்னு கேட்டேன், "பச்சை வர வரைக்கும் அழுத்தணும்மா, அதான் கணக்கு"ன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவன் பொய் சொல்லல, ஏமாத்தணும்னும் நெனைக்கல, கணக்குன்னா அதுதான்னு நெஜமாவே நெனச்சிட்டு இருக்கான். அந்த ஆப் அதைத்தான் அவனுக்குக் கத்துக் குடுத்திருக்கு. ஒரு வாரம் டிராகன் விளையாட்டை நிறுத்தி வச்சிருந்தாங்க, அந்த வாரம் அவன் ஒரு கணக்கு கூட போடல.

அப்பறம் எங்க ஆயா, அதாவது என் மாமியாரோட அம்மா, எண்பது வயசு, கண்ணு சரியா தெரியாது. காஸ் புக் பண்ண மெசேஜ், பேங்க் மெசேஜ் எல்லாம் யாராவது படிச்சு சொல்லணும். ஒரு நாளு இவனைப் படிக்கச் சொன்னாங்க. தப்பும் தவறுமா படிச்சான். ஆயா, "எம்மா, எம்புட்டு அழகா படிக்கிறான், இன்னொரு தரம் படிடா ராசா"ன்னாங்க. இப்ப தினமும் சாயங்காலம் அந்த போனை எடுத்துக்கிட்டு ஆயா பக்கத்துல போயி உக்காந்துக்கறான், பழைய மெசேஜெல்லாம் தேடித்தேடி படிக்கிறான், வட்டி எவ்ளோ ஏறியிருக்குன்னு கழிச்சுப் பாத்து சொல்றான். காசும் இல்ல டிராகனும் இல்ல.

டீச்சரம்மா, உங்களை மாதிரி ஒருத்தர் என் புள்ளைக்கு டீச்சரா வரணும்னு வேண்டிக்கிறேன்.

—

கெடிலக்கரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, 'பச்சை வர வரைக்கும்'ங்கறதைப் படிச்சிட்டு எனக்கும் வயித்தைப் பெசஞ்சுது, ஏன்னா நானும் மொத வாரம் சரியா சொன்னா ஸ்டார் ஸ்டிக்கர்னு ஆரம்பிச்சு வச்சிருக்கேன். சார், நிறுத்தி நிறுத்தி போடறதை நாளைக்கே செய்றேன்.

—

கடற்கரைச் சாலை வாசகன் (புதுச்சேரி):

எம்.எட் முடிச்சிட்டு இப்ப ஆராய்ச்சிக்குப் பதிவு பண்ணி இருக்கேன், உங்க ரெக்கார்டுக்கு உதவற மாதிரி ரெண்டு விஷயம்.

மொதல்ல ஸ்டிக்கர் விஷயம். 1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு பேரு அமெரிக்காவுல நர்சரி புள்ளைங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. படம் வரையறதுல ஏற்கெனவே இஷ்டம் உள்ள புள்ளைங்களை மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வரைஞ்சா தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டின சான்றிதழ் தருவோம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. இன்னொரு குழுவுக்கு சொல்லாம கடைசியில திடீர்னு குடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு ஒன்னும் இல்ல. ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு யாரும் எதுவும் சொல்லாம, வகுப்புல மத்த விளையாட்டுச் சாமானோட ஸ்கெட்ச் பேனாவையும் வச்சுட்டு, யாரு தானா போயி எடுக்கறாங்கன்னு கவனிச்சாங்க. பரிசு கெடைக்கும்னு தெரிஞ்சு வரைஞ்ச குழு மத்தவங்களோட கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைஞ்சுது. பரிசுக்காக செய்யற வேலைன்னு மனசுல பதிஞ்சுட்டா பரிசு இல்லாதப்ப அதைச் செய்யணும்னு அவ்வளவா தோணாது. ஒன்னு ஞாபகம் வச்சுக்கங்க, இது ஏற்கெனவே இஷ்டம் இருந்த புள்ளைங்களைப் பத்தினது. சுத்தமா இஷ்டமே இல்லாத புள்ளைக்கு மொத அடி எடுத்து வைக்க ஒரு ஸ்டிக்கர் உதவலாம், அதனால எல்லாத்தையும் நாளைக்கே புடுங்கிடாதீங்க. முன்னாடியே சொல்லி ஆசை காட்டறதை மட்டும் நிறுத்துங்க.

இதுல உங்க ரெண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கு பாத்தீங்களா? ஆர்வத்தை அவங்க எப்படி அளந்தாங்க? பாடம் நடக்கும்போது இல்ல. யாரும் சொல்லாத நேரத்துல புள்ளை எதைக் கையில எடுக்குதுன்னு பாத்து அளந்தாங்க. உங்க கிளாஸ்லயும் சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரு இருபது நிமிஷம் சும்மா விட்டு, மூலையில நாலு பொருளை வச்சு, யாரு எங்க போறாங்கன்னு கோடு போட்டு எண்ணுங்க. பத்து நாளு போதும். அமைதியா உக்காந்தாங்களான்னு டிக் பண்றதை விட இது ஆயிரம் மடங்கு உண்மையா இருக்கும்.

ரெண்டாவது விஷயம் நம்ம தமிழ்ப் புள்ளைங்களைப் பத்தினது. சுகதா மித்ரா தெரியும்ல, 1999ல டெல்லி கல்காஜியில சுவத்துல ஓட்டை போட்டு கம்ப்யூட்டரை வச்சுட்டுப் போனவரு. அவரு அப்பறம் காளிகுப்பம்னு சுனாமி அடிச்ச ஒரு தமிழ்க் கிராமத்துல கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல உயிரணு மரபணு பாடத்தை ஏத்தி, பத்து பதினாலு வயசுப் புள்ளைங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு. டீச்சர் கெடையாது, இங்கிலீஷும் சரியா தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு வந்து டெஸ்ட் வச்சா சுமார் 30 மார்க் எடுத்தாங்க. அதுக்கு மேல எப்படிக் கொண்டு போறதுன்னு யோசிச்சு, அந்தப் புள்ளைங்களுக்குப் பழக்கமான ஒரு இளம்பெண்ணை, கணக்கு எழுதற வேலை பாக்கறவங்க, அவங்களுக்கு உயிரியல் ஒன்னும் தெரியாது, அவங்களைக் கூப்பிட்டு, நீ பாடம் நடத்த வேணாம், பின்னாடி நின்னு பாட்டி மாதிரி அட எப்படிம்மா செஞ்ச, அடுத்து என்னன்னு மட்டும் கேளுன்னு சொன்னாரு. இன்னும் ரெண்டு மாசத்துல மார்க் சுமார் 50 ஆச்சு. 2010ல இதைக் கட்டுரையா போட்டாங்க. இவரோட முடிவுகளை எல்லாரும் ஏத்துக்கறது இல்ல, டீச்சரே வேணாம்னு அர்த்தம் ஆயிடும்னு நிறைய பேரு எதிர்க்கறாங்க. எனக்கு அதுல பட்டது வேற. அதே மெஷின்தான், பின்னாடி ஒரு ஆளு நின்னதும் மார்க் எங்க போச்சு பாருங்க. லாஸ்பேட்டை அக்கா வீட்டு ஆயா எந்தக் கட்டுரையும் படிக்காம அதைத்தான் செஞ்சிருக்காங்க. நீங்களும் அந்தப் பையன் பக்கத்துல உக்காந்து பதினோரு தடவை கேட்டீங்களே, அதை ரெக்கார்டுல எழுதும்போது விட்டுடாதீங்க, போனு மட்டும் செஞ்ச வேலை இல்ல அது.

—

ஈராசிரியர் பள்ளி எச்.எம் (விருத்தாசலம் பக்கம்):

எல்லாம் சரி. ஆனா ஒரு பக்கத்தை யாருமே பேசல, கொஞ்சம் வருத்தத்தோட சொல்றேன்.

என் பள்ளியில ஒன்னு முதல் அஞ்சு வரைக்கும் 41 புள்ளைங்க, நானும் இன்னொரு டீச்சரும் மட்டும்தான். அவங்களுக்குப் பயிற்சி வகுப்பு வந்துட்டா அன்னைக்கு அஞ்சு கிளாஸுக்கும் நான் ஒருத்திதான். காலைச் சிற்றுண்டி ஒழுங்கா நடக்குதான்னு பாக்கணும், வருகையை ஆப்ல ஏத்தணும், யாராவது விழுந்து முட்டியைத் தேச்சுக்கிட்டா மருந்து போடணும். இந்த நிலைமையில ஸ்மார்ட் போர்டு எனக்கு மூணாவது டீச்சர். கண்ணுக்குத் தீனின்னு சொல்லி அதை ஒதுக்கிடாதீங்க. ஒன்னாவது ரெண்டாவதுக்கு நான் கையைப் புடிச்சு எழுத வைக்கிற அரை மணி நேரம் நாலும் அஞ்சும் எதையாவது உருப்படியா பாக்கணும், இல்லன்னா அந்த அரை மணி நேரமும் போச்சு. ஆங்கில உச்சரிப்பு எனக்கு அவ்ளோ சரியா வராது, அதை ஒத்துக்கறதுல வெட்கம் இல்ல, புத்தகத்துல இருக்கற க்யூஆர் கோடு பாட்டைப் போட்டா என் புள்ளைங்க என்னை விட நல்லா சொல்றாங்க. 2018ல புதுப் புத்தகம் வந்தப்ப அந்தக் கோடு எதுக்குன்னு கேட்டவ நான்தான், இப்ப அது இல்லாம நாள் ஓடாது.

ஆனா நானும் சும்மா போட்டுட்டுப் போறது இல்ல. போடறதுக்கு முன்னாடி கரும்பலகையில மூணு கேள்வி எழுதி வச்சிடுவேன், அஞ்சாவதுல ஒரு பொண்ணு தலைவி, அவ கையில ரிமோட். எங்க நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும். பண்ருட்டி சார் சொல்ற அதே வேலைதான், நிறுத்தறது புள்ளையே நிறுத்துது. அவ ரிமோட் புடிக்க ஆரம்பிச்ச பிறகு லீவே போடல. நெட்டை நம்பாதீங்க, எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்தி வச்சுக்கங்க. 2024ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப எங்க பக்கம் கரன்டு போயி பல நாளு அப்படியே கெடந்துச்சு, அப்ப சோளத்தட்டையும் களிமண்ணும் வச்சு ஊர் மேப் செஞ்சோம், அதுல எந்தத் தெருவுல தண்ணி நின்னுச்சுன்னு நீல நூல் ஒட்டினாங்க. கரன்டு வந்த அன்னைக்கு யாரும் போர்டைக் கேக்கல, மேப்பைத்தான் முடிக்கணும்னாங்க. அதையும் சொல்றேன், இதையும் சொல்றேன்.

மகளே, ஒன்னே ஒன்னு கண்டிப்பா. புள்ளைங்க குரலையோ முகத்தையோ உன் சொந்த போன்ல எடுக்கறதுக்கு முன்னாடி எச்.எம் கிட்ட கேளு, அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடவே கூடாது, எவ்ளோ அழகா படிச்சிருந்தாலும். சாயங்காலம் அவன் கண்ணு முன்னாடியே அழிச்சிடு. திக்கித் திக்கிப் படிச்சது நாளைக்கு எங்கயாவது சுத்துனா அந்தப் புள்ளை அதுக்கப்பறம் வாயே தொறக்காது.

—

வடலூர் ஜோதி:

நானும் டி.எல்.எட் தான் அக்கா, மொத வருஷம். எனக்கு வர்ற மாசம்தான் ஸ்கூல் பாக்கப் போறோம். போர்டே இல்லாத ஸ்கூல் கெடச்சா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டு இருந்தேன், இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன். எச்.எம் அம்மா சொன்ன ரிமோட் விஷயம் சூப்பர்.

—

கெடிலக்கரை:

பதினாறு நாளு கழிச்சு வர்றேன், மன்னிச்சிடுங்க, பாடக்குறிப்பு எழுதி கையே வீங்கிப் போச்சு.

எச்.எம் அம்மா, நீங்க சொன்னது சரி. நான் போர்டைப் பத்தி எழுதினது ரெண்டு டீச்சர் இருக்கற பள்ளிக்கூடத்தை நெனச்சுப் பாக்காம எழுதினது. எங்க ஸ்கூல்ல கிளாஸுக்கு ஒரு டீச்சர் இருக்காங்க, அதனால எனக்கு அது கண்ணுல படல. எச்.எம் கிட்ட கேட்டுட்டேன், பையனோட அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அன்னன்னைக்கு அவன் முன்னாடியே அழிக்கிறேன்.

புதுச்சேரி அண்ணன் சொன்ன மாதிரி சாப்பாட்டுக்கு அப்பறம் இருபது நிமிஷம் விட்டு எண்ணினேன். நாலு மூலை. ஒன்னுல போர்டுல கதைப் படம், ஒன்னுல என் போன் ரெக்கார்டரும் படிக்கிற தாளும், ஒன்னுல கதைப் புத்தகம், ஒன்னுல களிமண். பத்து நாளுன்னு நெனச்சேன், நடுவுல ஒரு நாளு மழை, ஒரு நாளு கரன்டு இல்ல, ஒரு நாளு பக்கத்துக் கோயில்ல தீமிதின்னு பாதிப் புள்ளைங்க வரல, ஏழு நாளுதான் கெடச்சுது. மொத நாளு போர்டுகிட்ட 17 பேரு, ரெக்கார்டர்கிட்ட 4. ஏழாவது நாளு போர்டுகிட்ட 7, ரெக்கார்டர்கிட்ட 9. களிமண்ணுக்கு எல்லா நாளும் அஞ்சாறு பேருக்குக் கொறையல. கதைப் புத்தகத்துக்கு மொத மூணு நாளு ஒருத்தரும் இல்ல, அப்பறம் ரெக்கார்டர்ல படிக்க எதுவும் இல்லன்னு அங்க இருந்து புத்தகத்தை எடுத்துட்டு வர ஆரம்பிச்சாங்க, இதை எந்தக் கட்டத்துல எண்ணறதுன்னு தெரியாம தனியா ஒரு குறிப்பா எழுதி வச்சிருக்கேன். 26 புள்ளைங்க, ஏழு நாளு, இதை வச்சு உலகத்துக்கே ஒன்னும் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஆனா என் கிளாஸைப் பத்தி சொல்ல முடியும்.

ஸ்டிக்கரையும் ஆசை காட்டாம குடுத்துப் பாத்தேன். மொத ரெண்டு நாளு "இன்னைக்கு ஸ்டார் இல்லையா டீச்சர்?"னு கேட்டாங்க, அப்பறம் கேக்கல. ரெண்டு பொண்ணுங்க மட்டும் இன்னும் கேக்கறாங்க, அவங்களுக்கு அது இல்லாம கொஞ்சம் சுணக்கமாத்தான் இருக்கு. அவங்க பக்கத்துல போயி உக்காந்து எப்படிம்மா போட்டன்னு கேக்கறேன், பாப்போம்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி போட்டது நல்லா வந்துச்சு சார். நீர் சுழற்சியை மறுபடி எடுத்தேன், மேகம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தி அடுத்து என்னன்னு வரையச் சொன்னா எட்டு பேரு கருவாடு வரைஞ்சிருந்தாங்க.

அந்தப் பையன் இப்ப தாளைப் பாத்து படிக்கறதோட நிக்கல, மத்தவங்க படிக்கும்போது பின்னாடி நின்னு 'ளு' இல்லடா 'ழு'ன்னு திருத்தறான், சில சமயம் அவன் திருத்தறதுதான் தப்பு, அதையும் போட்டுக் கேட்டு அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க. நேத்து வந்து, "டீச்சர் எங்க ஆயாவுக்கு என்னை விட நிறைய மீன் பேரு தெரியும், அவங்க சொல்றதை எடுத்து எழுதிக்கலாமா?"ன்னு கேட்டான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காலையில மஞ்சக்குப்பம் பக்கம் மீன் விக்கப் போறவங்க. வெள்ளிக்கிழமை வித்து முடிச்சிட்டு பத்தரை மணிக்கு ஸ்கூலுக்கு வரேன்னு சொல்லி இருக்காங்க, எச்.எம்மும் சரின்னுட்டாங்க. கேட்டுக் கேட்டு எழுதறது ஒன்பது பேரு, ஆளுக்கு அஞ்சு மீன்.

ஒரே ஒரு சிக்கல். எங்க ஸ்கூல்ல கடல் காத்து எந்நேரமும் அடிச்சுக்கிட்டே இருக்கும், ரெக்கார்டு பண்ணா பாதிப் பேச்சு காத்துலயே போயிடுது. போன் மைக்கு மேல துணி சுத்திப் பாத்தேன், கொஞ்சம்தான் கொறைஞ்சுது. கைச்செலவுக்குள்ள இதுக்கு யாருக்காவது வழி தெரிஞ்சா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.